கழுதைப்புலி வாத்தியார்

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். தவளையை எப்படி மல்லாத்திக் குண்டூசி குத்துவது, கரப்பான்பூச்சியின் வாயைப் பிய்த்துக் கண்ணாடித் தகட்டில் எப்படி ஒட்டுவது என்று பையன்களுக்குக் காட்டுவது வேலை. காலையில் விபூதி வாசனையோடு போவேன், சாயங்காலம் பார்மலின் வாசனையோடு திரும்புவேன். கல்யாணமான புதிதில் என் மனைவி நான் குளித்து முடிக்கும்வரை என் பக்கமே வரமாட்டாள்.

டெமான்ஸ்ட்ரேட்டராகவே கிழவனாகிவிடக்கூடாது என்றால் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்க வேண்டும். துறையில் இருந்த மற்றவர்கள் புத்திசாலிகள். ஒருவர் மண்புழுவை எடுத்துக்கொண்டார், ஒருவர் குளத்து நத்தையை, இன்னொருவர் கெண்டை மீனின் குடலில் இருக்கும் ஏதோ ஒரு புழுவை. மூன்றும் கூப்பிட்ட குரலுக்கு வரும், கடிக்காது, ஜாடியில் போட்டால் கிடக்கும். நான் சிறுத்தையை எடுத்துக்கொண்டேன்.

காரணம் அறிவியல் இல்லை. சின்னாளபட்டியில் என் மாமனார் தறி வைத்திருந்தார். கல்யாண வீடுகளில் "மாப்பிள்ளை என்ன பண்றாரு?" என்று யாராவது கேட்டால் அவர், "காலேஜ்ல இருக்காரு" என்று சொல்லிவிட்டு அதற்குமேல் கேள்வி வராமல் இருக்கப் பந்திப்பக்கம் போய்விடுவார். தவளை என்று சொல்ல அந்த மனிதருக்கு நா எழவில்லை. அவருக்கு ஒரு நல்ல பதிலைத் தயார் செய்து கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். எனக்கும் அப்படி ஒரு பதில் தேவையாக இருந்தது.

எனக்கு வழிகாட்டியாக இருக்க ஒப்புக்கொண்ட பேராசிரியர் சென்னையில் இருந்தார். சிறுத்தையை எங்கேயாவது பார்த்திருக்கிறீரா என்று கேட்டார். பார்த்திருக்கிறேன் என்றேன். சர்க்கஸில் என்பதைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

"எல்லாரும் அதைச் சுடத்தான் தெரிஞ்சு வச்சிருக்காங்க. அது என்ன தின்னுதுன்னு ஒருத்தனும் உட்கார்ந்து பார்க்கல. நீர் பாரும்" என்றார். அது அழிந்துகொண்டு வருகிறது, எதைத் தின்று எங்கே வாழ்கிறது என்று தெரியாமல் எதையும் காப்பாற்ற முடியாது என்றும் சொன்னார். சிறுத்தையைக் காப்பாற்றுவது என்ற பேச்சை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். சிறுத்தையிடமிருந்து காப்பாற்றுவது என்றுதான் அதுவரை கேள்விப்பட்டிருந்தேன்.

மாமனார் அந்த வாரமே சின்னாளபட்டி முழுக்கச் சொல்லிவிட்டார். "மாப்பிள்ளை புலி ஆராய்ச்சி பண்றாரு."

ஒளிந்து வாழும் மிருகம் என்ன தின்கிறது என்று அறிய எளிய வழி, அது கழித்துவிட்டுப் போவதைப் பொறுக்கி வந்து, கழுவி, அதற்குள் இருக்கும் ரோமத்தையும் எலும்பையும் பார்ப்பது. மாட்டு ரோமமா, முயல் ரோமமா என்று மைக்ரோஸ்கோப் சொல்லிவிடும். இது உலகம் முழுக்க மதிப்பான முறை என்று பேராசிரியர் எழுதியிருந்தார். மதிப்பான முறை என்ற சொல்லை நான் அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டேன். அதன்பிறகு பல சமயங்களில் அந்தக் கோட்டைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

சனிக்கிழமைகளில் கன்னிவாடி பஸ்ஸில் ஏறுவேன். சைக்கிள் பஸ்ஸின் தலையில் வரும். இறங்கி, மலையடிவாரத்துக்குச் சற்று முன்னால் தனியாக நிற்கும் ஒரு கரட்டின் கீழே இருந்த சிற்றூருக்கு மிதிப்பேன். மொட்டைப் பாறைகளும் கள்ளிப்புதரும் நிறைந்த கரடு அது. அந்த ஊரில் சிறுத்தை ஆடு பிடிக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். காக்கி அரைக்கால் சட்டை, தொப்பி, தோளில் சாக்குத்துணியில் சுற்றிய ஒரு நீளமான சாமான். அது கல்லூரியில் இரவல் வாங்கிய தூரக்கண்ணாடிக்கான முக்காலி.

ஊர்க்காரர்கள் அதைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், புலி சுட கவர்மெண்டு ஆள் அனுப்பியிருக்கிறது என்று முடிவு செய்தார்கள். ஊர்ப் பெரியவரின் வீட்டில் கோழி அடித்துச் சோறு போட்டார்கள். எப்போது சுடுவீர்கள் என்று கேட்டார்கள். அவசரப்படக்கூடாது, முதலில் அதன் நடமாட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். அது பொய் இல்லை. அடுத்த சனிக்கிழமையும் கோழி அடித்தார்கள். குழம்பு மிகவும் நன்றாக இருந்ததால் விளக்கம் சொல்ல எனக்கு அவசரம் ஏற்படவில்லை.

அந்த ஏமாற்று வித்தையை முடித்துவைத்தவர் கரட்டை ஒட்டித் தோட்டம் வைத்திருந்த ஓர் அக்கா. நாற்பது வயதிருக்கும். கணவர் நோயாளி. வெங்காயமும் கம்பும் போட்டு, ஒரு மந்தை ஆடும் வைத்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருந்தார். ஊரில் சிறுத்தையிடம் அதிகமாக ஆடு பறிகொடுத்தவரும் அவர்தான். ஒருநாள் என் எதிரில் வந்து நின்று, அந்த உறையைக் கொஞ்சம் அவிழ்த்துக் காட்டுங்கள் என்றார். அவிழ்த்தேன். மூன்று கால்களும் படக்கென்று விரிந்தன.

அவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். "இத வச்சு எப்பிடி வாத்தியாரே சுடுவீக?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் விளக்கினேன். எச்சம், ரோமம், மைக்ரோஸ்கோப், உலகம் முழுக்க மதிப்பான முறை. அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப, புலி பேண்டதப் பொறுக்கத்தான் இம்புட்டுத் தூரம் வாரீகளா?"

ஆமாம் என்றேன். அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். இரக்கம் வந்தது. வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லையா என்று கேட்டார். அன்றோடு பெரியவர் வீட்டுக் கோழி நின்றது. அதற்குப் பதிலாக இந்த அக்கா மட்டும் வாராவாரம் கம்பங்கூழும் உரித்த வெங்காயமும் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை.

பொறுக்கியதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அதற்கு இடம் தரமாட்டேன் என்று நத்தை ஆராய்ச்சியாளர் சொல்லிவிட்டார். ஆகவே வாடகை வீட்டு மொட்டைமாடியில் கழுவி, தட்டுகளில் பரப்பிக் காயவைத்தேன். என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். சமையலறையிலிருந்து ஒரு சாமான்கூட மாடி ஏறக்கூடாது. நான் ஒரு டீ வடிகட்டியை மட்டும் எடுத்துப்போனேன். அன்றைக்கு நடந்ததை இங்கே எழுத வேண்டியதில்லை. புது வடிகட்டி வாங்கிவந்தேன், பழையது ஆராய்ச்சிக்கே சொந்தமானது.

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மாள் வற்றல் காயப்போட மாடிக்கு வருவார். தட்டுகளில் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, நான் ஏதோ மூலிகை மருந்து செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அவருக்கு முழங்கால் வலி. தயாரானதும் எனக்கும் கொஞ்சம் கொடுங்கள் தம்பி என்றார். உண்மையைச் சொன்னால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும். இன்னும் பக்குவம் வரவில்லை அம்மா என்றேன். அவர் மாதக்கணக்கில் பக்குவத்துக்காகக் காத்திருந்தார்.

ரோமங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு வியப்பு. மாட்டு ரோமம் நிறைய இருந்தது, நாய் ரோமம் இருந்தது, நொறுங்கிய எலும்புத்துண்டுகள் கணக்கில்லாமல் கிடைத்தன. ஆட்டு ரோமம் ஒன்றுகூட இல்லை. மறுபடி மறுபடி பார்த்தேன். இல்லவே இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஊர் முழுக்கச் சிறுத்தையை ஆடு திருடி என்கிறது, அதுவோ செத்த மாட்டைத் தின்று ஒழுக்கமாக வாழ்கிறது. இந்த உண்மை இந்தப் பூமியில் எனக்கு மட்டும்தான் தெரியும். சென்னையில் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறவர்களின் வரிசை கண்ணுக்குத் தெரிந்தது.

சரியாக அந்தச் சமயத்தில் ஊரில் மேலும் இரண்டு ஆடுகள் போயின. திண்டுக்கல்லிலிருந்து துப்பாக்கிக்காரர் ஒருவரைக் கூட்டிவர வேண்டும் என்று பேச ஊர் கூடியது. நான் எழுந்து நின்று பேசினேன். வகுப்பில்கூட நான் அவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. சிறுத்தை ஆடு தின்பதில்லை, செத்த மாட்டையும் தெருநாயையும்தான் தின்கிறது, இது யூகமில்லை, அறிவியல் என்றேன்.

அந்த அக்கா எழுந்தார். "அப்ப என் ஆட்டத் தின்னது யாரு, வாத்தியாரே?"

அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று சிரித்தபடி சொன்னேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே என்னைப் பிடிக்காது. ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அய்யலூர்ச் சந்தைக்குப் போன வாரம் யார் யார் ஆடு ஓட்டிப்போனார்கள் என்று ஒருவர் கேட்க, அதற்கு இன்னொருவர் வேட்டியை மடித்துக் கட்ட, பெரியவர் இடையில் புகுந்து கூட்டத்தைக் கலைத்தார். துப்பாக்கிக்காரர் விஷயம் தள்ளிப்போனது. ஒரு மிருகத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமிதத்தோடு நான் அக்காவின் தோட்டத்துக்குப் போனேன், கூழ் குடிக்க.

பொழுது சாயும் நேரம். ஆடுகள் கரட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. அக்கா கையில் தழை பறிக்கும் தொரட்டியோடு நின்றார், நான் பக்கத்தில் நின்று, சிறுத்தை மனிதர்கள் இருக்கும் இடத்துக்குப் பகலில் வராது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். ஆவாரம்புதருக்குப் பின்னாலிருந்து மஞ்சளாக ஏதோ ஒன்று வந்தது. ஓடிவந்தது என்று சொல்ல முடியாது, தரையோடு ஒழுகிவந்தது. ஒரு பெட்டையாட்டின் கழுத்தைப் பிடித்தபிறகுதான் அது சிறுத்தை என்று எனக்கு உறைத்தது. சர்க்கஸுக்கு அப்புறம் நான் பார்த்த முதல் சிறுத்தை.

அக்கா கத்திக்கொண்டே தொரட்டியை ஓங்கியபடி அதை நோக்கி ஓடினார். ஒரு கல்லையும் எடுத்து வீசினார். அது ஆட்டைப் போட்டுவிட்டுப் பாறைமேல் தாவியது. அங்கே ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தது. பிறகு இல்லை.

இதையெல்லாம் நான் நல்ல உயரத்திலிருந்து தெளிவாகப் பார்த்தேன். ஏனென்றால் அப்போது நான் வெங்காயப் பட்டறையின் கூரைமேல் இருந்தேன். வெங்காயத்தைக் காற்றோட்டமாகச் சேர்த்துவைக்கும் அந்தக் கொட்டகை ஆள் உயரத்துக்கும் மேலே. எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. இறங்குவதற்கு ஏணி கொண்டுவர வேண்டியிருந்தது.

ஆடு துடித்து அடங்கியது. அக்கா அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கழுத்தைத் தடவிப் பார்த்தார். சினையாடு. அப்புறம் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"என்ன வாத்தியாரே, இதுவும் செத்த மாடு தேடித்தான் வந்துச்சோ?"

நான் இன்னும் கூரைமேல்தான் இருந்தேன். ஓலையில் ஒரு கால் சிக்கியிருந்தது.

சில வாரங்களில் செய்முறைத் தேர்வுக்கு வெளித்தேர்வாளராகச் சென்னைப் பேராசிரியர் திண்டுக்கல் வந்தார். என் வீட்டுக்குக் காபி சாப்பிட அழைத்தேன். என் மனைவி புதுச் சுங்குடிச் சேலை கட்டி, வெள்ளி டம்ளரை எடுத்து வைத்திருந்தாள். அவர் காபியைக் குடித்துவிட்டு, பொருளைக் கொண்டுவாரும் என்றார். கழுவாத எச்சங்களைப் போட்டுவைத்திருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து வைத்தேன். ஒன்றை எடுத்தார். வெளுத்துப்போய்ச் சுண்ணாம்புக்கட்டி மாதிரி இருந்தது. உடைத்தார். உள்ளே இருந்த எலும்புத்துண்டை விரலிடையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு டின் முழுவதையும் மேஜைமேல் கொட்டச் சொன்னார். என் மனைவி உள்ளே போய்விட்டாள்.

"மாட்டுத் தொடை எலும்பை அப்பளம் மாதிரி நொறுக்கித் தின்னிருக்கு. சிறுத்தை இப்படிச் செய்யாதுய்யா. இது கழுதைப்புலி" என்றார்.

எல்லாமுமா சார் என்றேன். அவர் பொறுமையாகப் பிரித்து வைத்தார். இரண்டு மூன்று சிறுத்தையாக இருக்கலாம் என்று ஓர் ஓரமாக ஒதுக்கினார். ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டு, இது நாய் என்றார். மிச்சம் எல்லாம் கழுதைப்புலி. ஓராண்டுக்கும் மேலாக நான் ஒரு மிருகத்தின் பெயரில் இன்னொரு மிருகத்தைப் பின்தொடர்ந்திருக்கிறேன். அந்தக் கரட்டில் கழுதைப்புலி இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. யாராவது சொல்லியிருப்பார்கள். நான் சிறுத்தையைப் பற்றி மட்டும்தான் கேட்டேன்.

என் முகம் எப்படி இருந்ததோ, அவர் இரங்கிவிட்டார். "அழாதேயும். தலைப்பை மாத்தினா போதும். சிறுத்தையைப் பத்தி எழுத ஊர்ப்பட்ட ஆள் வரும். இதைப் பத்தி எழுத நாதியில்லை."

அவர் போனபின் என் மனைவி கதவைச் சாத்திவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முயன்று முயன்று சிரித்தாள். கடைசியில் எனக்கும் தொற்றிக்கொண்டது. ஆனால் மாமனாரிடம் யார் சொல்வது? அவளே போய்ச் சொன்னாள். அவர், அதனால் என்ன, பெயரிலேயே புலி இருக்கிறதே என்றாராம். சாகும்வரை அவர் புலி ஆராய்ச்சி என்றே சொல்லிக்கொண்டிருந்தார், முன்பாதியை விட்டுவிட்டு.

கல்லூரியில் அவ்வளவு பெருந்தன்மை கிடைக்கவில்லை. பையன்கள் பின்பாதியை விட்டுவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை புதுத் தலைப்போடு ஊருக்குப் போனேன். அக்கா வாசலிலேயே சொன்னார். அன்றைக்கு என் கண்முன்னால் ஆடு போனதற்குப் பிறகு ஊர் என் பேச்சை விட்டுவிட்டது. ஓடைக்கரையில் செத்துக்கிடந்த ஒரு காளைமாட்டில், பருத்திப் பூச்சிக்கு அடிக்கும் எண்ட்ரின் மருந்தைக் கலந்து வைத்துவிட்டார்கள், சிறுத்தைக்கு. நான்தானே சொன்னேன், அது செத்த மாடு தின்னும் என்று.

ஓடைக்குப் போனேன். காளையைச் சுற்றிப் பிணந்தின்னிக் கழுகுகள் இறக்கை விரித்தபடி விழுந்துகிடந்தன. ஊர்ப் பெரியவரின் வேட்டைநாய் வாய் நுரைத்துக் கிடந்தது. கரட்டின் அடியில், இரண்டு பாறைகளுக்கு நடுவே ஏறப்போகிற மாதிரி முன்கால்களை நீட்டி, அது கிடந்தது.

ஓராண்டு அதன் கழிவைக் கழுவியிருக்கிறேன். அதன் முகத்தை அன்றுதான் பார்த்தேன். சாம்பல் உடம்பில் கறுப்புக் கோடுகள், முதுகில் பிடரிமயிர், நெட்டையான முன்கால்கள், பின்பக்கம் தாழ்ந்து. பிணம் தோண்டும், பிள்ளை தூக்கும் என்றெல்லாம் கேட்டு வளர்ந்த கோரம் ஒன்றும் அந்த முகத்தில் இல்லை. களைத்துப்போன ஒரு பெரிய நாயின் முகம். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, தெரிந்த ஒன்றைச் செய்தேன். டேப்பை எடுத்து அளந்தேன். அளக்கும்போது மடியில் பால் இருப்பதைப் பார்த்தேன்.

எங்கேயோ பாறை இடுக்கில் குட்டிகள் இருக்கின்றன. ஊரில் யாரையும் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. தனியாகத் தேடினேன். எலும்புகள் சிதறிக்கிடந்த ஒரு பொந்து கிடைத்தது, உள்ளே கை மட்டும்தான் போகும். காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கறிக்கடையில் கழித்துப்போட்ட எலும்பும் சவ்வும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் என்னைக் கடைசி சீட்டுக்கு அனுப்பினார், கடைசி சீட்டில் இருந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். பொந்தின் வாயில் வைத்துவிட்டு வந்தேன். அந்த மாதம் முழுக்க முடிந்தபோதெல்லாம் வைத்தேன். வைத்தது அடுத்தமுறை இருக்காது. குட்டிகள் தின்றனவா, குள்ளநரி தின்றதா, ஊர்நாயா, எனக்குத் தெரியாது. அதன் ஆண் இன்னும் உயிரோடிருந்து எடுத்துப்போயிருக்கலாம். தரையெல்லாம் பாறை, ஒரு தடமும் விழவில்லை.

சிறுத்தை அந்தக் காளையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மருந்து வைத்த அடுத்த வாரமே மறுபடி ஓர் ஆட்டைத் தூக்கியது.

மருந்து வைப்பது அத்தோடு நின்றது. என் பேச்சால் நின்றது என்று எழுத ஆசைதான். பெரியவருக்கு அந்த வேட்டைநாய் பெற்ற பிள்ளை மாதிரி. இன்னொருவரின் கன்றுக்குட்டி ஓடைத்தண்ணீர் குடித்து வயிறு உப்பிச் செத்தது. இனி எவனாவது மருந்து டின்னோடு கரட்டுப்பக்கம் போனால் காலை ஒடிப்பேன் என்று பெரியவர் சொன்னார். அந்த மழைக்காலத்தில் செத்த மாடுகளைத் தின்ன ஆளில்லாமல் ஓடைக்கரை நாறியது. ஈ மொய்த்து, சோற்றில் கைவைக்க முடியவில்லை என்றார்கள். கழுதைப்புலியின் பயனை விளக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று நான் எழுந்தேன். பெரியவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். மூக்கு எங்களுக்கும் இருக்கு வாத்தியாரே என்றார்.

இனி உயிருள்ள கழுதைப்புலியை நேரில் பார்க்காமல் பட்டம் வாங்குவது வெட்கம் என்று எனக்குப் பட்டது. பொழுது சாயும் நேரத்தில் ஓடைக்கரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க ஒரு மறைவிடம் வேண்டும். சிறுத்தையும் அதே பக்கம் உலவுவதால், நாலுபுறமும் கூரையும் உறுதியாக இருக்க வேண்டும் என்பதில் நான் கறாராக இருந்தேன். அக்காவின் தோட்டத்து ஓரத்தில் மூங்கிலும் கிளுவை முள்ளும் வைத்து ஊர்த் தச்சர் கட்டிக்கொடுத்தார். ஓர் ஆளுக்குப் போதும் என்றேன், அவர் தாராளமாகக் கட்டிவிட்டார். தாழ்ப்பாளை வெளிப்பக்கம் வைத்துவிட்டார். இந்த மாதிரி ஒன்றைக் கட்டினால் உள்ளே இருப்பது தாழ் போடாது என்பது அவர் அனுபவம்.

இரண்டு சனிக்கிழமை அதில் உட்கார்ந்து கொசுக்கடி வாங்கினேன். மூன்றாவது சனிக்கிழமை போனபோது கூண்டு நிறைய ஆடுகள். அக்காவிடம் இது ஆராய்ச்சிக் கூண்டு என்றேன்.

"நீங்க வாரத்துக்கு ஒருநா வாரீக. புலி தெனம் வருது" என்றார்.

அந்த வாரம் சிறுத்தை வந்து கூண்டைச் சுற்றியிருக்கிறது. கூரைமேல் ஏறிப் பிறாண்டியிருக்கிறது. மூங்கிலில் நகக்கீறல் இருந்தது. உள்ளே ஓர் ஆடும் குறையவில்லை. அதுவரை ஊரில் பட்டி என்றால் சுற்றி முள்வேலிதான், மேலே வானம். சிறுத்தைக்கு அது ஒரு தாவல். அடுத்த அறுவடைக்குள் ஏழெட்டு வீடுகளில் கூரைபோட்ட பட்டி வந்துவிட்டது. துப்பாக்கிக்காரரை அழைக்கும் பேச்சு மெல்ல மறந்துபோனது. பெரிய மாமிச உண்ணிகளைக் காப்பதற்கு என் வாழ்நாளில் நான் செய்த உருப்படியான காரியம் அந்தக் கூண்டு ஒன்றுதான். என் உயிருக்குப் பயந்து கட்டியது. பின்னால் பட்டம் கிடைத்தது, ஆராய்ச்சிக் கட்டுரையில் கூண்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

எனக்கு வேறு மறைவிடம் இல்லாததால் ஆடுகளோடு பங்கு போட்டுக்கொள்ள அக்கா சம்மதித்தார். அறுவடை முடிந்த ஒரு சனிக்கிழமை, ஆடுகளை அடைத்து, என்னையும் அடைத்து, தாழைப் போட்டுவிட்டுக் கணவருக்குக் கஞ்சி கொடுக்க வீட்டுக்குப் போனார். மேற்கே மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கிடா என் தொப்பியை மென்றுகொண்டிருந்தது. சட்டென்று எல்லா ஆடுகளும் அசைபோடுவதை நிறுத்திவிட்டு ஒரே பக்கம் திரும்பின. நானும் திரும்பினேன்.

கரட்டின் சரிவில் அது இறங்கிவந்தது. நொண்டுவது போன்ற நடை, ஆனால் அவசரமே இல்லை. ஓடைக்கரையில் நின்று காற்றை முகர்ந்தது. காற்று எங்கள் பக்கமிருந்து வீசியிருக்க வேண்டும். கூண்டை நோக்கி வந்தது, ஏழெட்டுத் தப்படி தூரத்தில் நின்றது. பிடரிமயிர் மெல்ல நிமிர்ந்தது. இளசு. முழு வளர்த்தி வரவில்லை. பொந்தில் இருந்த குட்டியா என்று நினைக்கும்போதே அப்படி நினைக்க எனக்கு ஓர் ஆதாரமும் இல்லை என்பதும் தெரிந்தது. இருந்தாலும் நினைத்தேன். அது ஆடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது. என்னிடம் வந்தபோது கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது. ஆடுகள் எல்லாம் எனக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டன. நான் யாருக்குப் பின்னால் ஒண்டுவது என்று தெரியாமல் நின்றேன். அது தலையைத் திருப்பிக்கொண்டு, வந்த அதே நடையில், ஓடைப்பக்கம் போனது.

கொஞ்ச நேரத்தில் அக்கா அரிக்கேன் விளக்கோடு வந்து தாழைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டார்.

"பாத்தீகளா?"

பார்த்தேன் என்றேன். என்ன செய்தது என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை, நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது என்றேன். என் குரல் ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். அவர் விளக்கைச் சற்று உயர்த்தி என்னைப் பார்த்தார்.

"சரி, செத்த நேரம் உக்காருங்க. இப்பப் போனா சைக்கிள் ஓட்ட மாட்டீக."

உட்கார்ந்தேன். அவர் கூண்டுக்குள் போய் ஆடுகளை எண்ணினார். எல்லாம் இருந்தன.